நாற்பது கிலோவும் எண்பது கிலோவும்

"அண்ணே, எங்கம்மா 39 கிலோதான். பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மா எண்பது கிலோ இருப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு கரண்டுதான் வைக்கிறாங்களாம். எங்கம்மா ஒடம்பு தாங்குமாண்ணே?"

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் டீ குடிக்கிறவர்களிடம் இப்படி ஒரு கேள்வி வருவதில் ஆச்சரியம் இல்லை. ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரியும் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் இங்கேதான். வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகள் சமோசாவுக்கு நிற்கிற ஊர். இதே சாலையில் கிழக்கே பஸ் ஏறினால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை, அதைத் தாண்டினால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. மேற்கே போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை. கையில் பெரிய பிளாஸ்டிக் பையும் ஸ்கேன் கவருமாகப் பெண்கள் ஏறி இறங்கும் தடம் இது. 2022-ம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் 1,27,000-க்கும் அதிகமான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது. அவர்களில் பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். அப்போது அறுவைச் சிகிச்சையைவிடக் கதிர்வீச்சுதான் முதல் வழி. மக்கள் வாயில் அது 'கரண்டு'.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. டீ ஆறட்டும், மெதுவாகப் பார்ப்போம்.

குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எடை பார்த்துத்தான் தருகிறார்கள். மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் பரவும். பெரிய உடம்பில் நீர்த்துப்போகும். அதனால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. கதிர்வீச்சு அப்படிப் பரவுவதில்லை. எங்கே குறிவைக்கிறார்களோ அங்கேதான் விழுகிறது. அதன் அளவான 'கிரே' என்பதே, ஒரு கிலோ திசு எத்தனை ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டது என்ற கணக்குத்தான். அளவுக்குள்ளேயே 'கிலோவுக்கு' என்பது இருப்பதால், ஆளின் எடையைத் தனியாக வைத்துப் பெருக்க வேண்டியதில்லை. புற்றுக்கட்டியைக் கொல்ல வேண்டிய கிரே, 39 கிலோ அம்மாவுக்கும் 80 கிலோ அம்மாவுக்கும் ஒன்றே. வெளியிலிருந்து பொதுவாக 45 கிரே, 25 நாளாகப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள். கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் ஊசி. அந்த ஊசி மட்டும் மருந்து என்பதால் உயரம், எடை பார்த்து, உடம்பின் பரப்புக்கு ஏற்பப் போடுவார்கள். இதெல்லாம் முடியும் தறுவாயில் உள்கதிர்வீச்சு. மொத்தத்தையும் எட்டு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பது விதி.

ஆக, கட்டி வாங்கும் அளவு ஒன்றுதான். வித்தியாசம் கட்டியின் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. முன்னால் மூத்திரப்பை, பின்னால் மலக்குடல், மேலே சிறுகுடலும் சிக்மாய்டு என்ற வளைந்த குடலும். இவை ஒரு குற்றமும் செய்யாத உறுப்புகள். இவை எவ்வளவு வாங்குகின்றன என்பதில்தான் எடை நுழைகிறது.

உள்கதிர்வீச்சிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் விஷயம் கனமானது. மயக்கமோ வலி மரத்துப்போகும் ஊசியோ கொடுத்து, கர்ப்பப்பை வாய் வழியாக ஒரு மெல்லிய உலோகக் குழாயை உள்ளே வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் இரண்டு சிறு குமிழ்கள் வைப்பதும் உண்டு. அந்தக் குழாய்களுக்குள் இரிடியம் அல்லது கோபால்ட் மணி ஒன்று, சில மில்லிமீட்டர் நீளமுள்ளது, கம்பி முனையில் தானாகப் போய், அங்கங்கே சில நொடிகள் நின்று, திரும்பப் பெட்டிக்குள் வந்துவிடுகிறது. (வந்த பிறகு அம்மா உடம்பில் கதிர்வீச்சு எதுவும் மிச்சம் இருக்காது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம். இதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆரம்பித்துவிடுவார்கள்.)

இந்த மணியின் குணம், தள்ளிப் போகப் போக அதன் வீரியம் சட்டென்று விழுந்துவிடும். அந்த டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒரு சாண் தள்ளி வைத்தால் சூடு எங்கே போனது என்றே தெரியாது. கதிர்வீச்சில் இது இன்னும் கறார். தூரம் இரண்டு மடங்கானால் அளவு கால்வாசி. மூன்று சென்டிமீட்டர் தள்ளியிருந்த குடல் வளையம் இரண்டு சென்டிமீட்டருக்கு நெருங்கிவிட்டால், அது வாங்கும் அளவு இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு சென்டிமீட்டர்தான், விரல் அகலம்கூட இல்லை.

அந்த ஒரு சென்டிமீட்டரை உடம்பில் எது உண்டாக்குகிறது? கொழுப்பு. வயிற்றுக்குள் குடலைத் தொங்கவிட்டிருக்கும் சவ்வில் கொழுப்பு சேர்ந்திருந்தால் குடல் சற்று மேலேயே, கர்ப்பப்பையிலிருந்து விலகி இருக்கும். மெலிந்த பெண்ணுக்கு அந்த மெத்தை இல்லை. சிறுகுடலும் சிக்மாய்டும் சரிந்து கர்ப்பப்பை மேலேயே படிந்து கிடக்கும். மணி நிற்கும் இடத்துக்கும் குடலுக்கும் நடுவே கர்ப்பப்பைச் சுவர் மட்டும்தான். ஆகவே ஒரே அளவு வைத்தாலும் மெலிந்தவரின் குடல் அதிகம் வாங்க வாய்ப்பு உண்டு. தம்பியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. பயப்பட வேண்டிய இடம் மட்டும் வேறு.

மூத்திரப்பையும் மலக்குடலும்? இங்கே கதை அவ்வளவு நேரானதல்ல. யோனிக்கும் மலக்குடலுக்கும் இடையே உள்ள தடுப்பு, குண்டானவருக்கும் ஒல்லியானவருக்கும் சில மில்லிமீட்டர்தான். இடுப்பில் எத்தனை மடிப்பு விழுந்தாலும் அந்தத் தடுப்பு மொத்தமாவதில்லை. அதனால்தான் எடைக்கும் இந்த இரண்டு உறுப்புகளின் அளவுக்கும் தொடர்பு உண்டு என்று ஓர் ஆய்வும் இல்லை என்று இன்னோர் ஆய்வும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. குடல் விஷயத்தில் அந்தக் குழப்பம் குறைவு. மலக்குடலையும் மூத்திரப்பையையும் தள்ளிவைப்பது எடையல்ல, மருத்துவரின் கை: குழாயை வைத்தபின் யோனிக்குள் துணித் திணிப்பு வைத்து முன்னும் பின்னும் அழுத்தித் தள்ளுவார்கள். அலுக்காமல் ஐந்து நிமிடம் நன்றாகத் திணிக்கிற மருத்துவர் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம்.

இவ்வளவு முக்கியமான ஒரு சென்டிமீட்டரை ரொம்பக் காலம் யாரும் அளக்கவில்லை. 1938-ல் மான்செஸ்டரில் ஒரு முறையை வகுத்தார்கள். கர்ப்பப்பை வாயிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலே, அங்கிருந்து இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில், 'ஏ' புள்ளி. அளவெல்லாம் அந்தப் புள்ளிக்குத்தான். உலகம் முழுக்க, நம் ஊரிலும், பல லட்சம் பெண்களை அந்தப் புள்ளி பிழைக்க வைத்திருக்கிறது. அதைக் குறைசொல்ல நான் யார். ஆனால் அது எல்லாப் பெண்ணுக்கும் ஒரே இடத்தில் இருக்கும் புள்ளி, எடை அறியாத புள்ளி. 1985-ல் சர்வதேசக் கதிர்வீச்சு அளவீட்டு ஆணையம் மூத்திரப்பைக்கு ஒன்று, மலக்குடலுக்கு ஒன்று என்று எக்ஸ்ரேயில் பார்க்கும் புள்ளிகளைச் சேர்த்தது. சிறுகுடலுக்கும் சிக்மாய்டுக்கும் புள்ளி கிடையாது. யோசித்துப் பாருங்கள்: மெலிந்த பெண்ணுக்கு எந்த உறுப்பு அதிகம் மாட்டிக்கொள்ளுமோ, அதுதான் கணக்கிலேயே வரவில்லை.

2005, 2006-ல் ஐரோப்பியக் குழு ஒன்று கொடுத்த பரிந்துரைகள் இதை மாற்றின. குழாய் உள்ளே இருக்கும்போதே ஸ்கேன் எடு. ஒவ்வோர் உறுப்பையும் வரை. அதில் மிக அதிகமாக வாங்கும் 2 கன சென்டிமீட்டர் திசுவுக்கு எத்தனை கிரே என்று சொல். மலக்குடல் என்றால் இரண்டு சிகிச்சையும் சேர்த்து 65 கிரேக்குள் நிறுத்தப் பார்ப்பார்கள், 75-ஐத் தாண்டவிட மாட்டார்கள். சிக்மாய்டுக்கும் சிறுகுடலுக்கும் இதேபோல எல்லை வந்தது. குடல் நெருங்கிக் கிடப்பது ஸ்கேனில் தெரிந்தால், மணி அந்த இடத்தில் நிற்கும் நொடிகளைக் குறைத்து வேறிடத்தில் கூட்டிக்கொள்ளலாம். 39 கிலோ அம்மாவுக்கும் 80 கிலோ அம்மாவுக்கும் 'ஒரே அளவு' என்று சொல்லும்போதே திட்டம் இரண்டாகிவிடுகிறது.

இப்போது வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சு. இதில் குண்டானவர்களுக்குத்தான் தலைவலி. அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1950-களில் கோபால்ட் இயந்திரம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. கோபால்ட் கதிர் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போவதற்குள் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் இரண்டே வாசல் வைத்துக் கொடுத்த காலத்தில், இடுப்பின் கனத்தைக் கவராயம் மாதிரி ஒரு கருவியால் அளப்பார்கள். 16 சென்டிமீட்டர் இடுப்பு என்றால் பிரச்சினை இல்லை. 24 சென்டிமீட்டர் என்றால், நடுவிலிருக்கும் கட்டிக்கு வேண்டியது போய்ச் சேர, தோலடித் திசு அதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகமாக வாங்க வேண்டியிருந்தது. தோல் கறுத்து உரிந்த பழைய கதைகள் அப்போது வந்தவை. இன்றைய லீனியர் ஆக்சிலரேட்டரில் கதிர் ஆழமாகப் போகிறது, பல திசைகளிலிருந்து வருகிறது. தோல் தப்பித்தது.

தப்பாதது குறி. முதல் நாள் வயிற்றிலும் இடுப்பிலும் மைப்புள்ளி வைக்கிறார்களே, அதை வைத்துத்தான் தினமும் படுக்கவைப்பார்கள். ஒல்லியானவரின் தோல் எலும்போடு ஒட்டியிருக்கும்; புள்ளி அசையாது. தொங்கும் வயிற்றில் புள்ளி இன்று ஓரிடம், நாளை ஓரிடம். எலும்பு ஓரிடத்தில் இருக்க மை வேறிடத்தில் இருந்தால், கட்டி தப்பி மூத்திரப்பை மாட்டும். அதனால் பருமனானவர்களுக்கு இயந்திரத்திலேயே படம் எடுத்து எலும்பைப் பார்த்துச் சரிசெய்வது ஆடம்பரமல்ல. இதில் இன்னொன்று: கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்று உடல் பருமனோடு நெருக்கமான நோய். மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உண்டாக்குகிறது என்பது காரணங்களில் ஒன்று. ஆகவே கதிர்வீச்சு மேஜைக்குப் பருமனானவர்கள் வருவது அரிதல்ல. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்கில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள், 12 அல்லது 13 பேர் எடை குறைந்தவர்கள். இரண்டு எல்லையும் ஒரே வார்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் மாநிலம் இது.

அப்படியானால் யாருக்கு மோசம்? அமெரிக்காவில் ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 2002-ல் 3,489 கர்ப்பப்பை வாய்ப் புற்று நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து வெளியிட்டது. மெலிந்த பெண்களுக்குக் குடல் சிக்கல் அதிகம், பருமனானவர்களுக்குக் கடுமையான மூத்திரப்பைச் சிக்கல் அதிகம் என்று கண்டார்கள். (குடலைக் கெடுப்பதில் எல்லாவற்றையும் மிஞ்சியது சிகரெட்.) 2011-ல் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 404 பேரைப் பார்த்தார்கள். உயரத்துக்கான எடைக் குறியீடு 18.5-க்குக் கீழே இருந்தவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் நூற்றுக்கு 33. சரியான எடையில் 60. அதற்கு மேல் 68. சிக்கல்களும் மெலிந்தவர்களிடமே அதிகம். இதைப் படித்துவிட்டு "குண்டாவது நல்லது" என்று கிளம்பிவிடக் கூடாது. நோய் முற்றியதாலேயே மெலிந்தவர்கள் அதில் உண்டு. எடை கூடியவர்களுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மயக்க மருந்துச் சிக்கல் எல்லாம் காத்திருக்கின்றன. ஆனாலும் என் தீர்ப்பு இதுதான்: குண்டானவரின் சிக்கல் மேஜையில் படுத்தவுடனே எல்லோருக்கும் தெரிகிறது, மெலிந்தவரின் சிக்கல் யார் கண்ணுக்கும் படாமல் போகிறது. அதனால் அதுதான் பெரிய சிக்கல்.

மெலிந்தவருக்குச் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. முதலாவது தண்ணீர். கதிர்வீச்சுக்கு முன் மூத்திரம் போய்விட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்து, சொன்ன நேரம் காத்திருந்து படுக்கச் சொல்வார்கள். நிறைந்த மூத்திரப்பை குடலை மேலே தள்ளுகிறது. கொழுப்பு செய்யாத வேலையைத் தண்ணீர் செய்கிறது. காசு செலவில்லாத வைத்தியம். ஆனால் நம் பெண்களுக்கு இதுதான் கஷ்டம். பஸ்ஸில் வர வேண்டும், வழியில் கழிப்பறை இல்லை என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் பழகியவர்கள். வரிசை நீண்டுவிட்டால் அடக்க முடியாமல் போய்விட்டு வந்து, வெட்கத்தில் சொல்லாமல் படுத்துவிடுவார்கள். அன்றைக்குக் குடல் இறங்கி வந்து கதிருக்குள் கிடக்கும். போய்விட்டு வந்தால் டெக்னீஷியனிடம் சொன்னால் போதும். மறுபடி தண்ணீர் குடிக்கவைத்துக் கடைசியில் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, கதிரை வளைக்கும் நுட்பம். ஐ.எம்.ஆர்.டி. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்த பிறகு கதிர்வீச்சு பெற்ற 300 பெண்களிடம் இதைச் சோதித்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். கர்ப்பப்பை போன காலியிடத்தில் குடல் வந்து உட்கார்ந்துவிடும், ஆகவே இவர்களுக்கு ஆபத்து கூடுதல். மூன்றாண்டில் குடல் தொந்தரவு பழைய முறையில் நூற்றுக்கு 42 பேருக்கு, படம் பார்த்துக் கொடுத்த புது முறையில் 21 பேருக்கு. பாதி. நம் நாட்டுப் பெண்களிடமே நடந்த ஆய்வு என்பதால் எனக்கு இதன்மேல் மரியாதை அதிகம்.

மூன்றாவது சோறு. இதில்தான் வீட்டுக்காரர்களோடு எனக்குச் சண்டை. கரண்டு வைக்கிறார்கள் என்றதும் பத்தியம் ஆரம்பித்துவிடுகிறது. முட்டை கூடாது, மீன் கூடாது, தயிர் குளிர்ச்சி, கஞ்சி மட்டும் போதும். ஊசியால் குமட்டல், கதிர்வீச்சால் பேதி, அதற்கு மேல் இந்தப் பத்தியம். ஐந்து வாரத்தில் ஐந்தாறு கிலோ போய்விடுகிறது. திட்டம் போட்டது முதல் வாரத்து உடம்புக்கு. கதிர் வரும் வழியில் ஒரு சென்டிமீட்டர் சதை குறைந்தால், உள்ளே சேரும் அளவு சுமார் மூன்று நான்கு சதவீதம் கூடும். மெத்தையாக இருந்த கொஞ்சக் கொழுப்பும் போய்க் குடல் இன்னும் சரியும். அதற்கப்புறம்தான் உள்கதிர்வீச்சு வருகிறது. எடை கூடியவர்களும் இந்தப் பொறியில் விழுகிறார்கள். "நல்லா எளைச்சு அழகா ஆயிட்டே" என்று பார்க்க வந்த உறவுக்காரர் ஒருத்தர் சொல்லிவிட்டால் போதும், அந்த அம்மா இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிடுவார். இளைப்பதற்கு வாழ்நாள் முழுக்க நேரம் இருக்கிறது. இந்த எட்டு வாரம் அதற்கானதல்ல.

எடைக் குறியீடு என்ற எண்ணையும் ரொம்ப நம்ப வேண்டாம். ஒரே எண் உள்ள இருவரில் ஒருவருக்குக் கொழுப்பு தொடையில் இருக்கும், இன்னொருவருக்கு வயிற்றுக்குள் இருக்கும். மணிக்கும் குடலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதை எடை மெஷின் சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும்.

அதனால் தம்பி, நாளைக்குப் போகும்போது டாக்டரிடம் ரெண்டு விஷயம் கேளுங்க. உள்கரண்டு வைக்கும்போது ஒவ்வொரு தடவையும் குழாய் உள்ளே இருக்கையில் ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடுவீர்களா, எங்கம்மா மெலிவாக இருப்பதால் குடலுக்கு எவ்வளவு போகிறது என்று பார்ப்பீர்களா. கேட்டால் கோபப்பட மாட்டார்கள். பெரும்பாலும் அவர்களே அதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் இட்லி, தயிர்சாதம், முட்டை என்று அம்மாவுக்கு இறங்குவதைக் கொடுங்கள். பேதியானால் எதை நிறுத்துவது என்பதை ஆஸ்பத்திரி டயட்டீஷியன் சொல்லட்டும், பக்கத்து வீடு வேண்டாம். வாரத்துக்கு ஒருநாள், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டுப் பின்னட்டையில் எழுதுங்கள். இரண்டு கிலோ இறங்கினாலே சொல்லிவிடுங்கள், மறுபடி ஸ்கேன் வேண்டுமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்க. எந்தக் காரணத்துக்காகவும், ஆடி வெள்ளி என்றாலும், திருவேற்காடு கோயில் கூழ் என்றாலும், ஒருநாள்கூடக் கரண்டைத் தவறவிடாதீங்க.